வராதவர்களின் பட்டியல்: ஒரு கிராம முதியோர் மதிய உணவுக் கூடத்தின் நிகழ்வு ஆய்வு

பட்டுக்கோட்டை வட்டாரத்தில் ஓர் ஊர்க்காரர்கள் சேர்ந்து தங்கள் ஊர் முதியவர்களுக்காக 2022 சித்திரையில் தொடங்கிய மதிய உணவுக் கூடத்தைப் பற்றிய பதிவு இது. ஊர்ப்பெயரும் ஆட்களின் பெயர்களும் இதில் இல்லை. அடையாளம் காட்டிவிடக்கூடிய சில விவரங்களையும் விட்டிருக்கிறேன். கூடத்தின் வருகைப் பதிவேட்டையும் கணக்கையும் எழுதுகிறவன் நான். சோறு எப்படிப் பொங்கினோம் என்பதைவிட, சோறு தயாராக இருந்தும் யார் வரவில்லை, ஏன் வரவில்லை என்பதைப் பற்றித்தான் இதில் அதிகம் எழுதியிருக்கிறேன். இப்படி ஒன்றைத் தொடங்க நினைக்கும் ஊர்களுக்கு அதுதான் கூடுதலாகப் பயன்படும் என்று நம்புகிறேன்.

பின்னணி

நெல்லும் தென்னையும்தான் இந்த ஊரின் பிழைப்பு. 2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரையைக் கடந்தபோது பட்டுக்கோட்டை, பேராவூரணி வட்டாரத் தென்னந்தோப்புகள் ஒரே இரவில் சாய்ந்தன. நெட்டைத் தென்னை வைத்தால் காய்ப்புக்கு வர ஆறேழு வருடம் ஆகும். அதுவரை காத்திருக்க முடியாதவர்கள் திருப்பூருக்கும் சென்னைக்கும் சிங்கப்பூருக்கும் போனார்கள். முன்பும் போனவர்கள் உண்டு; புயலுக்குப் பிறகு குடும்பத்தோடு போனவர்கள் அதிகம். வீட்டைப் பார்த்துக்கொள்ளப் பெரியவர்கள் மட்டும் மிஞ்சினார்கள்.

புயலுக்குப் பிந்தைய வாரங்களில் கரண்ட் இல்லை. வீட்டுக்கு வீடு இருந்ததைக் கொண்டுவந்து பல ஊர்களில் பொதுவில் பொங்கிச் சாப்பிட்டார்கள். எங்கள் ஊரிலும் அப்படித்தான். அப்போது வாங்கிய இரண்டு அண்டா, சோறு வடிக்கும் கூடை, நீளக் கரண்டிகள் எல்லாம் மாரியம்மன் கோயிலை ஒட்டிய அறையில் கிடந்தன. கூடம் தொடங்கும்போது எங்களிடம் இருந்த முதலீடு அவ்வளவுதான்.

யோசனை வந்த விதம் வேறு. ஓய்வுபெற்ற சத்துணவு அமைப்பாளர் ஒருவரும் மகளிர் குழுவைச் சேர்ந்த ஒருவரும் உதவித்தொகை மனு எழுதிக்கொடுப்பதற்காக வீடு வீடாகப் போனார்கள். போன இடத்தில் அடுப்படியையும் பார்த்தார்கள். தனியாக இருப்பவர்களில் பெரும்பாலோர் விடிகாலையில் ஒருமுறை உலை வைக்கிறார்கள். அதையே மூன்று வேளைக்கும் வைத்துக்கொள்கிறார்கள். சிலிண்டர் சீக்கிரம் தீர்ந்துவிடும் என்ற பயம் ஒரு பக்கம். தனக்கு ஒருத்திக்காக என்னத்தைக் குழம்பு கூட்டுவது என்ற சலிப்பு இன்னொரு பக்கம். ஒரு வீட்டில் மதியம் பன்னிரண்டு மணிக்கு ஒரு டம்ளர் டீயும் இரண்டு ரஸ்க்கும்தான் சாப்பாடு. அந்த அம்மாவின் மகன் மாதம் தவறாமல் பணம் அனுப்புகிறவர்.

அரசு ஒன்றும் செய்யவில்லை என்று சொல்ல முடியாது. 1982இல் தொடங்கிய சத்துணவுத் திட்டம் அடுத்த ஆண்டே முதியோர் உதவித்தொகை பெறுபவர்களுக்கும் நீட்டிக்கப்பட்டது. மையத்தில் சாப்பிடுகிறவர்களுக்கு மாதம் 2 கிலோ அரிசி, சாப்பிடாதவர்களுக்கு 4 கிலோ என்பது விதி. எங்கள் ஊரில் எல்லோரும் 4 கிலோக்காரர்கள். பேரன் வயதுப் பிள்ளைகளுக்கு நடுவில் தட்டேந்தி நிற்க யாருக்கும் மனம் ஒப்பவில்லை. நாங்கள் கூடத்தைத் தொடங்கியபோது 1000 ரூபாயாக இருந்த உதவித்தொகை 2023 ஆகஸ்டிலிருந்து 1200 ஆனது. அதில் மளிகை வாங்கலாம். பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட ஆளை வாங்க முடியாது.

தொடக்கம்

வாரத்தில் செவ்வாய், வியாழன், சனி மூன்று நாள் என்று முடிவானது. சிங்கப்பூரிலிருக்கும் ஊர்ப் பிள்ளைகள் மாதாமாதம் ஒரு தொகை அனுப்ப ஒப்புக்கொண்டார்கள். தை அறுவடையில் நெல் தருவதாகச் சிலர் சொன்னார்கள். ரேஷன் அரிசியைக் கார்டுதாரர்களிடம் மொத்தமாகச் சேகரித்துப் பொங்கலாம் என்றும் ஒரு பேச்சு வந்தது. அரிசி கைமாறினால் பின்னால் வம்பு வரும் என்று அதை விட்டுவிட்டு, மில்லில் சிப்பம் கணக்கில் வாங்கினோம். விறகுக்குப் பஞ்சமில்லை. தென்னை மட்டையும் பாளையும் கேட்ட இடத்தில் கிடைத்தன.

உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணயச் சட்டம், லாப நோக்கம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் உணவு தயாரித்து வழங்கும் எல்லோரையும் ஒரே கண்ணால்தான் பார்க்கிறது. அதனால் சிறு அளவினருக்கான பதிவை, ஆண்டுக்கு 100 ரூபாய் கட்டி, முதல் மாதமே எடுத்தோம். அன்னதானத்துக்கு எதற்குப் பதிவு என்று ஊரில் கேட்டார்கள். ஒரு நாள் ஒருவருக்கு வயிற்றுக்கு ஒத்துக்கொள்ளாமல் போனால், அதற்குப் பதில் சொல்ல ஆள் வேண்டும் என்பதே எங்கள் பதில்.

அறுபது வயதைத் தாண்டி, தனியாகவோ இணையுடன் மட்டுமோ வாழ்கிறவர்கள் என்று கணக்கெடுத்ததில் எழுபது பேருக்கு மேல் வந்தார்கள். கோயில் கூடத்தில் முதல் நாள் ஐம்பது பேருக்குப் பொங்கினோம். வந்தவர்கள் இருபதுக்குக் கொஞ்சம் மேல். மீதிச் சோற்றை வீடுவீடாகக் கொண்டுபோய்க் கொடுத்தோம்.

முதல் மாதம் கண்டவை

வந்தவர்கள் எல்லோரும் ஊர்த்தெருக்காரர்கள். அவர்களிலும் முக்கால்வாசிக்கு மேல் ஆண்கள். காலனியிலிருந்து ஒருவரும் வரவில்லை. பெண்களில் வந்தவர்கள் கோயிலுக்கு எதிர்வரிசையில் குடியிருக்கும் மூன்று நான்கு பேர்தான்.

எண்ணிக்கையைப் பார்த்ததும் தண்டோரா போடலாம், நோட்டீஸ் அடிக்கலாம் என்று ஆளுக்கு ஒன்று சொன்னார்கள். அமைப்பாளர் அம்மா மட்டும், வராதவர்களின் பெயர்களைத் தனித் தாளில் எழுதி எடுத்துக்கொண்டு வீடு வீடாகப் போகலாம் என்றார். சாப்பாடு எப்படி இருக்கும் என்று சொல்லாமல், ஏன் வரவில்லை என்றும் நேராகக் கேட்காமல், சும்மா உட்கார்ந்து பேசிவிட்டு வரவேண்டும் என்பது அவர் போட்ட நிபந்தனை. இந்த முயற்சியில் எடுத்த முடிவுகளிலேயே ஆகச் சரியானது அதுதான் என்று இன்றும் நினைக்கிறேன்.

அந்தப் பேச்சுகளில் அடிக்கடி கேட்டது ஒரே வார்த்தையின் பல வடிவங்கள். “நான் போய் அங்க உட்கார்ந்தா எம்மவன் சோறு போடலன்னுதானே அர்த்தம்?” என்றார் ஓர் அப்பாயி. அவருடைய மருமகள் சென்னையிலிருந்து போன் போட்டு, போகவே கூடாது என்று சொல்லியிருந்தார். பிள்ளைகள் கெட்டவர்கள் இல்லை. ஊரில் தங்கள் பெயர் கெட்டுவிடும் என்ற பயம் அவர்களுக்கு. பிள்ளைகள் பெயரைக் காப்பாற்றப் பட்டினி கிடக்கவும் பெரியவர்கள் தயாராக இருந்தார்கள்.

மற்றக் காரணங்கள் கண்ணில் படாத அளவுக்குச் சாதாரணமானவை. தரையில் உட்கார்ந்தால் எழுந்திருக்க முடியாத மூட்டுவலி. கோயில் பக்கம் பெண்களுக்குக் கழிப்பறை கிடையாது. அதற்குப் பயந்து தண்ணீர் குடிக்காமல் இருப்பதைவிட வீட்டிலேயே இருந்துவிடலாம் என்றார்கள். காலனியில் காரணத்தை யாரும் வாய் திறந்து சொல்லவில்லை. “அங்க எதுக்குங்க, நீங்க நல்லா நடத்துங்க” என்று எழுந்து கும்பிட்டு அனுப்பிவைத்தார்கள்.

இடத்தை மாற்றியது

கோயில் கூடத்துக்குள் காலனிக்காரர்கள் வரக் கூடாது என்று யாரும் பலகை எழுதி வைத்ததில்லை. எழுதாமலே அது எல்லோருக்கும் தெரியும். தீண்டாமையை அரசமைப்பின் 17ஆவது பிரிவு ஒழித்ததும் எல்லோருக்கும் தெரியும். இரண்டும் தெரிந்த ஊரில், யார் சாப்பாட்டுக்கு வருவார்கள் என்பதை நாங்கள் தேர்ந்தெடுத்த இடமே முடிவு செய்துவிட்டது.

ஊர்த்தெருவுக்கும் காலனிக்கும் நடுவில், மெயின் ரோட்டை ஒட்டி, ஊராட்சி சேவை மையக் கட்டடம் ஒன்று பெரும்பாலும் பூட்டியே கிடந்தது. அதில் கழிப்பறை உண்டு, அதற்கும் பூட்டு. தலைவரிடம் எழுத்தில் கேட்டுச் சாவி வாங்கினோம். மூன்றாவது மாதம் கூடம் அங்கே போனது. சாமியானா கடைக்காரர் பழைய மேசை, பெஞ்சுகளைக் குறைந்த விலைக்குத் தந்தார். கழிப்பறைக்குள் கைப்பிடிக் குழாய் ஒன்று பதித்தோம்.

இடத்தோடு இன்னும் மூன்று விஷயங்கள் முடிவாயின. சமையலுக்கு இரண்டு பேர்; ஒருவர் ஊர்த்தெரு, ஒருவர் காலனி. பந்தி ஒன்றுதான், வருகிற வரிசையில் உட்கார வேண்டும். பரிமாறுகிறவர்கள் எல்லோரையும் ‘வாங்க, உட்காருங்க’ என்றுதான் கூப்பிட வேண்டும். வயதுக்குத் தக்கபடி ஐயா, தாத்தா, அப்பாயி, பெரியம்மா. கடைசி விதி வெளியூர்க்காரர்களுக்குத் தேவையில்லாததாகத் தெரியலாம். இருபது வயதுப் பையன்கள் காலனியில் எழுபது வயதுக்காரரைப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிற ஊரில் அதைச் சொல்லித்தான் ஆகவேண்டும்.

எதிர்ப்பு வந்தது. சமைக்கிறவர் யார் என்று தெரிந்ததும் சில குடும்பங்கள் தங்கள் பெரியவர்களை நிறுத்திக்கொண்டன. நெல் தருவதாகச் சொன்ன ஒருவர் தரவில்லை. தனிப் பந்தி வைத்தால் எல்லோரும் வருவார்களே, எண்ணிக்கை கூடுமே என்று நல்லெண்ணத்தோடு சொன்னவர்களும் இருந்தார்கள். குழுக் கூட்டத்தில் அன்று நீண்ட நேரம் பேச்சு நடந்தது. எண்ணிக்கைக்காக இதை விட்டுக்கொடுத்தால் காலனிப் பெரியவர்களைக் கூப்பிட்டு அவமானப்படுத்தியதாக ஆகும் என்று அமைப்பாளர் அம்மா சொன்னார். அதற்கு மேல் யாரும் வாதாடவில்லை.

அந்த மாதம் வருகை குறைந்தது. அடுத்த மாதம் காலனியிலிருந்து ஐந்து பேர் வந்தார்கள். அப்புறம் பத்துக்கு மேல். நின்றுபோனவர்களில் சிலர் ஆறேழு மாதத்தில், யாரும் கூப்பிடாமலே, ஒவ்வொருவராகத் திரும்பினார்கள். திரும்பாதவர்களும் உண்டு. அவர்கள் பெயர்கள் வராதவர் பட்டியலில் இன்றும் இருக்கின்றன. அந்த வீடுகளுக்கும் போய்ப் பேசிவிட்டுத்தான் வருகிறோம்.

பிடியரிசியும் முருங்கைக்கீரையும்

மானப் பிரச்சினை இடத்தை மாற்றியதால் தீரவில்லை. பணம் வாங்கிக்கொண்டு போடலாமா என்று யோசித்தோம். சாப்பாட்டுக்குப் பத்து ரூபாய் என்று வைத்தால், அந்தப் பத்து ரூபாய் இல்லாதவர் வரமாட்டார். இருக்கிறவருக்கு அது ஹோட்டல் ஆகிவிடும்.

பிடியரிசி எடுத்துவைக்கும் பழக்கம் இந்தப் பக்கத்துப் பெண்களுக்குப் புதிதல்ல. உலை வைக்கும்போது ஒரு பிடியைத் தனியாகப் போட்டுவைத்துக் கோயிலுக்கோ பொதுக் காரியத்துக்கோ கொடுப்பார்கள். அதையே கேட்டோம். வாசலில் வாய் குறுகிய மண்பானை ஒன்றை வைத்தோம். கையை உள்ளே விட்டுத்தான் போட முடியும். யார் எவ்வளவு போட்டார்கள், போட்டார்களா இல்லையா என்று யாருக்கும் தெரியாது. பல ரக அரிசி கலந்தால் ஒன்றாக வேகாது. அதனால் பானையில் சேர்வதைக் கழுவி உலர்த்தி, மாவு அரைத்து, மாதக் கடைசிச் சனிக்கிழமை கொழுக்கட்டை செய்கிறோம். எங்கள் அரிசியில் செய்தது என்று சொல்லி, வீட்டில் இருப்பவர்களுக்கும் எடுத்துப் போகிறார்கள்.

பெண்களை வரவைத்தது கீரை. காலையில் சமைக்கிறவர்களால் இவ்வளவு முருங்கைக்கீரையையும் உருவி முடிக்க முடியவில்லை. வராதவர் பட்டியலில் இருந்த நாலைந்து அப்பாயிகளிடம் போய், கொஞ்சம் வந்து கை கொடுக்க முடியுமா என்று கேட்டோம். பத்தரை மணிக்கு வந்தார்கள். கீரை உருவினார்கள், சின்ன வெங்காயம் உரித்தார்கள், ஊர்க்கதை பேசினார்கள். வேலை முடிந்து இலை போட்டதும், சாப்பிடாமல் போங்கள் என்று யார் சொல்வார்கள்? இரண்டு மாதத்தில் பன்னிரண்டு பதின்மூன்று பெண்கள் வேலைக்கென்றே வர ஆரம்பித்தார்கள். சாப்பிட அனுப்ப மாட்டேன் என்ற மருமகள், “அத்தை சமையலுக்கு உதவப் போயிருக்காங்க” என்று பக்கத்து வீட்டில் சொன்னதாகக் கேள்விப்பட்டோம். ஆண்களில் ஒரு பழைய தச்சர் பெஞ்சுகளின் ஆட்டத்தைச் சரிசெய்தார். ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் பேப்பர் படித்துக் காட்டுகிறார். எங்களுக்குச் சாப்பாட்டு நேரம் பன்னிரண்டரை. பெரியவர்களுக்குக் கூடம் பத்தரைக்கே தொடங்கிவிடுகிறது.

எச்சில் இலை சொன்னது

சாப்பாடு நன்றாக இருக்கிறதா என்று கேட்டால் எல்லோரும் நன்றாக இருக்கிறது என்றுதான் சொல்வார்கள். பரிமாறுகிற பையன் ஒருவன்தான் எடுக்கிற இலையைப் பார்த்துச் சொன்னான்: பீன்ஸ் பொரியல் அப்படியே இருக்கிறது, பீட்ரூட்டும் அப்படியே. பலருக்குக் கடைவாய்ப் பல் கிடையாது; சிலருக்குப் பல்லே கிடையாது. அதற்குப் பிறகு பொரியல் குறைந்தது. கீரை மசியல், பூசணிக் கூட்டு, பருப்பு கடைந்தது என்று மாறியது. சோற்றையும் கொஞ்சம் குழைய வடிக்கிறோம். வாரம் ஒரு நாள் முட்டை. அதைக் குழம்பில் போட்டு மசித்துச் சாப்பிடுகிறார்கள். வயதானால் சாப்பிடும் அளவு குறையும், புரதத் தேவை குறையாது என்று ஆரம்ப சுகாதார நிலையத்தில் சொன்னார்கள். அதனால் சோற்றைக் கூட்டாமல் பருப்பைக் கூட்டினோம்.

ஊறுகாய், அப்பளம் விஷயத்தில் ஒரு போராட்டமே நடந்தது. ஒரு நாளைக்கு 5 கிராமுக்குக் குறைவான உப்பு என்பது உலக சுகாதார நிறுவனம் சொல்லும் அளவு. எங்கள் ஆட்களில் பாதிப் பேருக்கு மேல் பிரஷர் மாத்திரை. ஊறுகாயை நிறுத்தியதும் சிலர் மடியில் கட்டிக்கொண்டு வந்தார்கள். அதைத் தடுக்கவில்லை. குழம்பில் உப்பைக் குறைத்து, எலுமிச்சையைப் பிழிந்துகொள்ள வைத்தோம். எழுபத்தைந்து வயதுக்காரரிடம் ஒரு துண்டு ஊறுகாய்க்காகச் சண்டை பிடிப்பது நியாயம் என்று எனக்குத் தோன்றவில்லை.

தூக்குவாளி இன்னும் சிக்கலானது. ஓர் அம்மா தினமும் பாதிதான் சாப்பிடுவார். மீதியை, சாம்பார் ஊற்றிப் பிசைந்த சோற்றை, முந்தானைக்குள் மறைத்த தூக்குவாளியில் போட்டுக்கொள்வார். பேசிப் பார்த்ததில், படுத்த படுக்கையாக இருக்கும் கணவருக்கு என்று தெரிந்தது. இன்னும் சிலர் ராத்திரிக்கு என்று எடுத்துப் போனார்கள். வடித்த சோற்றில் பிழைத்துக் கிடக்கும் பாசில்லஸ் சீரியஸ் என்ற கிருமி வெதுவெதுப்பில் பெருகி நச்சை உண்டாக்கும். திரும்பச் சுடவைத்தாலும் அந்த நச்சு போகாது. பங்குனி, சித்திரை வெயிலில் சாம்பார் சாதம் ராத்திரி வரை தாங்காது.

எடுத்துப் போகக் கூடாது என்று விதி போடுவது சுலபம். போட்டிருந்தால் அந்த அம்மாவும் வந்திருக்கமாட்டார். படுக்கையில் இருப்பவர்களுக்குச் சூடாகத் தனியாகக் கட்டிக் கொடுத்து, உடனே கொடுத்துவிடச் சொன்னோம். ராத்திரிக்கு வேண்டுமென்றவர்களுக்குச் சாப்பாட்டுக்குப் பதில் பொட்டுக்கடலையும் வாழைப்பழமும். மறைத்து எடுப்பது நின்றுவிட்டது. தூக்குவாளிகள் இப்போது மேசைமேல் வரிசையாக இருக்கின்றன.

பிந்திய சாப்பாடு

2023 ஆடியில் ஒரு சனிக்கிழமை, ஊரில் ஒரு துக்கம். சமைக்கிறவர்கள் அங்கே போய்விட்டு வந்ததில் அடுப்பு பிந்திப் பற்றியது. ஒன்றே காலாகியும் இலை போடவில்லை. பெஞ்சில் உட்கார்ந்திருந்த எழுபதைத் தாண்டிய ஒருவருக்கு வியர்த்துக் கொட்டியது, கை நடுங்கியது. பெயரைக் கேட்டால் ஏதோ சொன்னார். காலையில் வழக்கம்போலச் சர்க்கரை மாத்திரை போட்டுவிட்டு, மதியம் கூடத்தில் சாப்பிட்டுக்கொள்ளலாம் என்று ஒன்றும் சாப்பிடாமல் வந்திருக்கிறார்.

மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தின் தன்னார்வலர் பெண் அப்போது அங்கே இருந்தார். விரலில் குத்திப் பார்த்ததில் 58. எழுபதுக்குக் கீழே போனாலே தாழ்சர்க்கரைதான். விழுங்கும் அளவுக்கு நினைவு இருந்ததால் தண்ணீரில் மூன்று ஸ்பூன் சர்க்கரையைக் கரைத்துக் கொடுத்தார். 108க்குப் போன் போட்டோம். பதினைந்து நிமிடம் கழித்துப் பார்த்ததில் ஏறியிருந்தது. வண்டி வந்து அழைத்துப் போனது; மறுநாள் வீடு திரும்பினார். அவர் போட்டுக்கொண்டிருந்தது கிளிபென்கிளமைடு. சாப்பாடு தவறினால் சர்க்கரையை வேகமாக இறக்கும் வகை மாத்திரை. முதியவர்களுக்கு அந்த ஆபத்து அதிகம் என்று சொல்லி மருத்துவர் மருந்தை மாற்றினார்.

நாங்கள் சாப்பாடு போட ஆரம்பித்ததால், கூடம் இருக்கிற நாளில் காலைச் சாப்பாட்டை விடுகிற பழக்கம் வந்தது அவருக்கு மட்டுமல்ல; விசாரித்ததில் இன்னும் பலர் அப்படித்தான். உதவி என்று செய்வது புதிதாக ஒரு கேட்டையும் கூடவே கொண்டுவரலாம் என்பதைக் கண்ணால் பார்த்தோம். அதனால் பத்தரைக்கு வருகிறவர்களுக்கு ஒரு டம்ளர் கேழ்வரகுக் கஞ்சியோ மோர்க்கஞ்சியோ கொடுக்கத் தொடங்கினோம். பன்னிரண்டரைக்கு இலை போட்டாக வேண்டும். சமையல் பிந்தினால் இருப்பதை வைத்து, வெறும் சோறும் மோருமாவது, நேரத்துக்குப் போட்டுவிட வேண்டும். யார் என்ன மாத்திரை சாப்பிடுகிறார்கள் என்ற விவரம் பதிவேட்டின் கடைசிப் பக்கத்தில் இருக்கிறது. அதைத் தன்னார்வலர் பெண் மட்டும் பார்ப்பார். மாத்திரை பற்றி நாங்கள் யாரும் யோசனை சொல்வதில்லை.

சமைக்கிறவர்களுக்குக் கூலி

தொண்டு என்று ஆரம்பித்தது. முதல் ஒன்றரை வருடம் சமைத்தவர்கள் கூலி வாங்கவில்லை. ஆனால் அவர்கள் அப்போது நூறு நாள் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தவர்கள். 2023-24இல் அந்த வேலைக்கு அரசு அறிவித்த நாள் கூலி 294 ரூபாய். சமைக்க வருகிற ஒவ்வொரு நாளும் அவர்களுக்கு அந்த வேலை போனது. மாதக் கணக்கு எழுதும் நானும், பணம் அனுப்பும் பிள்ளைகளும், சாவி வைத்திருப்பவரும் எங்கள் பிழைப்பில் ஒன்றும் இழக்கவில்லை. காலனியைச் சேர்ந்த சமையல்காரர் இரண்டு வாரம் வராமல் போய், நடவுக்குப் போனதாகச் சொன்னபோதுதான் குழுவில் இந்தப் பேச்சே வந்தது.

கூலி கொடுத்தால் சேவை மனப்பான்மை போய்விடும் என்று சிலர் சொன்னார்கள். அதை என்னால் ஏற்க முடியவில்லை, இன்றும் ஏற்கவில்லை. இல்லாதவரின் உழைப்பை வாங்கிக்கொண்டு, இருப்பவர்கள் சேவை செய்வதாகச் சொல்லிக்கொள்வது சரியில்லை. 2023 ஐப்பசியிலிருந்து இருவருக்கும் நாளுக்கு 300 ரூபாய். அந்தச் செலவுக்காக நான்காவது நாளும் நடத்தும் திட்டத்தைக் கைவிட்டோம். மூன்று நாள் ஒழுங்காக நடப்பது போதும் என்று முடிவானது.

நடந்தவை

இப்போது ஒரு நாளைக்கு நாற்பது முதல் நாற்பத்தைந்து பேர் சாப்பிடுகிறார்கள். பாதிக்கு மேல் பெண்கள். அமாவாசையன்று குறையும், காக்கைக்குச் சோறு வைத்துவிட்டு வீட்டில்தான் சாப்பிடுவார்கள். நாளாக நாளாக எடையோ சர்க்கரையோ எப்படி மாறியது என்று நாங்கள் அளந்து பார்க்கவில்லை. அதனால் உடல்நலம் கூடியது என்று எழுத மாட்டேன்.

எழுதக் கூடியது ஒன்று உண்டு. வராதவர் பட்டியலை ஒவ்வொரு நாளும் எழுதுவது வழக்கமாகிவிட்டது. வழக்கமாக வருகிறவர் பன்னிரண்டே முக்காலுக்குள் வராவிட்டால், ரீசார்ஜ் கடை வைத்திருக்கும் இளைஞர் வண்டியை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போய்ப் பார்ப்பார். 2024 தொடக்கத்தில் ஒரு வியாழக்கிழமை அப்படிப் போனபோது ஒரு பெரியம்மா கொல்லையில் துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில் விழுந்து கிடந்தார். காலையிலிருந்து கிடந்திருக்கிறார், கூப்பிட்டும் யார் காதிலும் விழவில்லை. இடுப்பெலும்பு முறிவு. தஞ்சாவூர் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் அறுவை சிகிச்சை நடந்தது. இப்போது வாக்கர் பிடித்து நடக்கிறார். மகள் வீட்டில் இருக்கிறார். கூடம் இல்லாத கிழமையாக இருந்தால் எப்போது தெரிந்திருக்கும் என்று அவருடைய மகள் கேட்டார். அதற்குப் பிறகு மற்ற நான்கு நாளும் காலையில் தெருவுக்கு ஒருவர், தனியாக இருப்பவர்களின் வாசலை எட்டிப் பார்த்துவிட்டு வருகிறார்கள். அதற்குச் செலவில்லை.

மாற்ற வேண்டியவை

இன்னொரு ஊரில் தொடங்கினால் இடத்தைத்தான் முதலில் பார்க்கச் சொல்வேன்: எல்லாத் தெருக்காரரும் தயக்கமில்லாமல் நுழையக் கூடிய இடம், திறந்திருக்கும் கழிப்பறை, பெஞ்சு. அண்டா அப்புறம். சமைக்கிறவர்களின் கூலியை முதல் மாதக் கணக்கிலேயே எழுத வேண்டும். நூறு பேருக்குப் பொங்கும் ஆசையை விட்டுவிட்டு, இருபது பேரோடு தொடங்கி, வராதவர்கள் வீட்டுக்குப் போய்வர நேரம் ஒதுக்க வேண்டும். கணக்கெடுப்பின்போதே மாத்திரை, பல், விழுங்குவதில் சிரமம் மூன்றையும் கேட்டுக்கொள்ள வேண்டும். பக்கவாதம் வந்தவர்களுக்குச் சோறு புரையேறக்கூடும் என்பதால் அவர்களை நிமிர்த்தி உட்கார வைத்து, அவசரப்படுத்தாமல் சாப்பிட விட வேண்டும். பரிமாறுகிற இளைஞர்களுக்கு இதைச் சொல்லிக்கொடுக்காமல் தெரியாது.

பணம் இன்னும் சிங்கப்பூரை நம்பியே இருக்கிறது. அங்கே இரண்டு பேருக்கு வேலை போனால் இங்கே ஒரு நாள் நின்றுவிடும். வருடம் முழுவதும் தாங்கும் அளவுக்கு நெல்லைக் கையிருப்பில் வைத்துக்கொள்ள இந்த வருடம் முயற்சி செய்கிறோம். படுக்கையில் இருப்பவர்கள் ஒன்பது பேர். அவர்களுக்கு வாரத்தில் மூன்று நாள் சாப்பாடு போகிறது, மற்ற நாள்களுக்கு வழியில்லை. ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் பெரியவர்களால் ரோட்டைத் தாண்டி வர முடிவதில்லை. அந்த நாள்களில் ஆட்டோ வைத்துக் கொண்டுவருவதா, சாப்பாட்டை வீட்டுக்கு அனுப்புவதா என்று குழுவில் இரண்டு கருத்து இருக்கிறது. வீட்டுக்கு அனுப்பினால் செலவு குறைவு. ஆனால் கீரை உருவுகிற பெண்கள் ஆட்டோதான் வேண்டும் என்கிறார்கள். பெரும்பாலும் அவர்கள் சொல்வதுதான் நடக்கும். ஊர் ஆட்டோக்காரரிடம் மழைக்கால வாடகை பேசிக்கொண்டிருக்கிறோம்.